வேலியில் விளையும் பொல்லு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஓடும் ஏ-35 வீதியில், தருமபுரத்துக்கு அடுத்து வரும் ஊர் விசுவமடு. மாரி மழை இறங்குவதற்கு முன்னர் இங்கே வளவு வேலிகளுக்குச் சவரம் நடக்கும். பூவரசு, சீமைக்கிளுவை, கிளுவை, முள்முருக்கு என்று வானத்தைப் பார்த்து வளர்ந்த கொப்புகள் எல்லாம் வேலியோரம் குவியும். குழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகும். தடித்த துண்டுகள் வேலி பொத்தல் விழுந்த இடங்களில் புதுக் கதியாலாக ஊன்றப்படும். மிச்சம் அடுப்புக்கு. அந்தக் குவியலுக்குள் பெருவிரலைவிடச் சற்றுத் தடித்த, இடுப்புக்கு மேல் நீளமுள்ள, வளைவில்லாத ஒரு பூவரசங் கம்பு கண்ணில் பட்டால், அதை விறகோடு சேர்க்க வயதானவர்களுக்கு மனம் வராது. எடுத்து இறப்பில் செருகி வைப்பார்கள். பொல்லுக்கு ஆகும்.

கம்பை வெட்ட இரண்டு நிமிடம். சீவிப் பொல்லாக்க ஒரு பகல். இரண்டுக்கும் நடுவே அது இறப்பில் சும்மா கிடக்கிற மாதங்களில்தான் பெரும்பாலான வேலை நடக்கிறது. அதைச் செய்வது கத்தியுமல்ல, கையுமல்ல. மரத்துக்குள் இருக்கும் தண்ணீர் தன் பாட்டில் வெளியேறும்போது அந்தக் கம்பு வெடிக்கலாம், வளையலாம், உளுக்கலாம், அல்லது ஒன்றும் ஆகாமல் பத்து இருபது வருடத்துக்கு உழைக்கலாம். எது நடக்கும் என்பது பாதிக்குமேல் வெட்டும் நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

வன்னியில் பொல்லுக்கு எந்த மரம் என்று கேட்டால், பலருக்கும் முதலில் நினைவு வருவது காடுதான். வறண்ட வலயத்தின் கலப்புக் காடு இது. பாலை, முதிரை, வீரை, கருங்காலி, காயா என்று உலகின் கனத்த மரங்களுக்குள் வைத்து எண்ணத்தக்கவை இங்கே சாதாரணமாக நிற்கின்றன. விசுவமடுவிலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போனால் பாலையைத் தன் பெயரிலேயே தாங்கிய இரணைப்பாலை என்ற ஊர் உண்டு. பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொண்ட அனுபவம் இல்லாத வன்னிப் பிள்ளை அருமை. அந்தப் பழத்துக்காகக் கொப்பையே முறித்து இழுப்பது பாலைக்கு நேர்கிற பெருங்கேடுகளில் ஒன்று.

பாலைத் துண்டு ஒன்றைக் குளத்தில் போட்டால் மிதக்காது. கருங்காலியின் வைரமும் அப்படித்தான். இரும்பைப் போன்ற ஏதோ ஒன்று அவற்றுக்குள் கூடுதலாக இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் இருப்பது வேறு எந்த மரத்திலும் உள்ள அதே பொருள். எந்த மரத்தின் கலச்சுவரையும் தனியே எடுத்து நிறுத்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றுதான்: ஒரு கன சென்ரிமீற்றருக்கு 1.5 கிராம். முள்முருக்குக்கும் பாலைக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சுவர்களுக்கு நடுவே விடப்பட்ட வெற்றிடம். உலர்ந்த தேக்கில் கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.65 கிராம் இருக்கிறது; முதிரையில் 0.95 அளவில், பாலையில் ஒன்றைத் தாண்டிவிடும். 90 சென்ரிமீற்றர் நீளமும் 2.2 சென்ரிமீற்றர் விட்டமும் கொண்ட பொல்லு தேக்கில் என்றால் 220 கிராம் வரும், பாலையில் என்றால் 350 கிராமைத் தாண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தரம் தூக்கி ஊன்றுகிற எழுபது வயதுக் கைக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. மிகக் கடிய மரம்தான் மிக நல்ல பொல்லு என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் பொல்லுப் பிடிக்காதவர்கள்.

காட்டை விட்டு வேலிக்கு வருவதற்கு வேறு காரணங்களும் உள்ளன. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின்படி அரச காட்டில் அனுமதியில்லாமல் மரம் வெட்டுவது குற்றம். பொல்லுக்குத்தானே ஒரு கொப்பு என்று சட்டம் கண்ணை மூடிக்கொள்வதில்லை. 2009இன் தொடக்கத்தில் போர் இந்த வீதியோடுதான் கிழக்கே நகர்ந்தது. அதன் பின் கண்ணிவெடி அகற்றும் பணி வன்னியில் ஆண்டுக்கணக்காக நீண்டது. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 டிசெம்பரில். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்ட பக்கம் கம்பு தேடிப் போகக்கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முதிரையில் இன்னொரு சங்கடம்: அதன் தூள் சிலருக்குத் தோலில் பட்டால் கடியும் தடிப்பும் உண்டாக்கும். மினுங்கும் மஞ்சள் நிறத்துக்காக ஐரோப்பாவுக்குக் கப்பலேறி உயர்ந்த தளபாடங்களான மரம்தான். அங்கேயும் அதைக் கடைந்த தொழிலாளரின் கைகளில் புண்ணை விட்டுச் சென்றது.

வேலி மரங்களிலோ பூவரசு கடினமும் இழுவையும் சேர்ந்தது; ஒரு காலத்தில் வண்டிச் சில்லுகளுக்குப் போன மரம். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய சீமைக்கிளுவையை விறகு, பசளை என்று மட்டும் பார்க்கிறார்கள். அதன் முற்றிய கம்பு மண்வெட்டிப் பிடிக்கே தாங்கும். வளவுக்குள் கொய்யாவும் தேசியும் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் நெருக்கமான, மென்மையாகச் சீவ வருகிற, இலேசில் பிளக்காத மரங்கள். கிளுவையையும் முள்முருக்கையும் விட்டுவிடலாம். அவை வேலிக்குத்தான் பிறந்தவை.

வேலிக் கதியாலுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. இங்கிலாந்தில் கைத்தடி செய்வோர் இனிப்புச் செஸ்நட் மரத்தை அடியோடு வெட்டிவிட்டு, அந்தக் கட்டையிலிருந்து நெருக்கமாகத் துளிர்த்து மேலெழும் கம்புகளைச் சில ஆண்டுகளில் அறுவடை செய்வார்கள். கைத்தடிக்கென்றே தோட்டம். விசுவமடு வேலியில் நடப்பதும் அதேதான், எவரும் அதைத் தோட்டம் என்று சொல்வதில்லை என்பதைத் தவிர. வெட்டிய தலையிலிருந்து பல முளைகள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு நேரே மேலே போகின்றன. பக்கக் கிளை விட அவற்றுக்கு நேரமில்லை. ஆகவே கணு குறைவு, வளைவு குறைவு.

நேரே மேலே வளர்ந்தது என்பதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நன்மையும் இருக்கிறது. பக்கவாட்டில் நீண்ட கொப்பு தன் பாரத்தைத் தானே தூக்கிப் பிடிக்கவேண்டும். வன்மரங்கள் இதற்காகக் கொப்பின் மேற்பக்கத்தில் ஒரு விசேட நாரை உருவாக்குகின்றன. கயிற்றை இறுக்கியது போல அந்த நார் கொப்பை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே நிற்கும். தாவரவியலார் இதை இழுவிசை மரம் என்பார்கள். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் நேர்மாறு. அவை கீழ்ப்பக்கத்தில் தடித்து, முட்டுக் கொடுப்பதுபோல் தள்ளிப் பிடிக்கின்றன. உயிரோடு நிற்கும்வரை இது மரத்தின் கெட்டித்தனம். வெட்டிக் காயவிட்டால் தொல்லை.

மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதேயில்லை: நூற்றுக்கு 0.1 தொடக்கம் 0.3 வரை. இழுவிசை மரமோ நூற்றுக்கு ஒன்று வரை, சிலவேளை அதற்கும் மேலே சுருங்கும். இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்புள்ள கம்பின் மேற்பக்கம் ஒரு சதவீதமும் கீழ்ப்பக்கம் 0.2 சதவீதமும் சுருங்கினால், 90 சென்ரிமீற்றர் நீளத்தில் நடுப்பகுதி மூன்று சென்ரிமீற்றர் விலகி வில்லாகிவிடும். வெட்டும்போது நூல் பிடித்ததுபோல் நேராக இருந்த கொப்பு ஆறு மாதத்தில் ஏன் வாழைப்பழம் ஆனது என்று குழம்புகிறவர், அது மரத்தில் எந்தப் பக்கம் பார்த்து வளர்ந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். வெட்டுமுகத்தில் நடுச்சோறு சரியாக நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்தக் கம்பு எங்கேயோ சாய்ந்து நின்றிருக்கிறது.

மரவாடியில் பலகையிலிருந்து கீறியெடுத்த சட்டத்தைக் கடைந்து பொல்லாக்கினால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லையே என்று தோன்றலாம். அங்கே வேறு பலவீனம் நுழைகிறது. மரத்தின் வலிமை முழுவதும் நார் ஓடும் திசையில்தான் இருக்கிறது. வாள் அந்தத் திசையைக் கவனியாமல் நேர்கோட்டில் போகும். நார், கம்பின் நீளத்துக்கு ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் சரிந்து ஓடினால், வளைவைத் தாங்கும் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது: நூறு தாங்கவேண்டியது 55. பத்துக்கு ஒன்று சரிந்தாலும் 81தான். முழுக் கொப்பில் நார் எங்கும் அறுபடுவதில்லை. கணு வந்தால் அதைச் சுற்றி, வளைவு வந்தால் அதோடு சேர்ந்து ஓடுகிறது. கோணல் இருந்தாலும் கொப்புப் பொல்லு சட்டப் பொல்லைவிட நம்பத்தக்கது என்பதற்கு இதுதான் காரணம். அந்த நம்பிக்கையைக் கெடுக்க ஒரு வழி உண்டு: அழகுக்காகக் கணுக்களை மட்டமாக அடித்துச் சீவி, சுற்றிப்போன நாரையெல்லாம் அறுத்துவிடுவது. பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது வெடிப்பு.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் இருக்கிறது: கலங்களின் உள்வெளியில் தேங்கி நிற்பது ஒன்று, கலச்சுவருக்குள்ளே ஊறிப் பிணைந்திருப்பது இன்னொன்று. முதலாவது போகும்போது கம்பின் எடை குறையும், உருவம் மாறாது. மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 30 சதவீத ஈரம் மிஞ்சும் கட்டத்துக்குப் பிறகு சுவரில் உள்ள தண்ணீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கம் அங்கேதான் ஆரம்பம். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. சுற்றளவுத் திசையில் சுருங்குவது ஆரைத் திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. மூன்று சென்ரிமீற்றர் விட்டமுள்ள கம்பு ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதன் சுற்றளவு 94 மில்லிமீற்றர். சுற்றுவாக்கில் எட்டு சதவீதம் சுருங்க விரும்பினால் அது 86.7 மில்லிமீற்றராகவேண்டும். ஆரை நான்கு சதவீதம்தான் சுருங்கியது என்றால் உள்ளே உள்ள உடம்புக்கு 90.5 மில்லிமீற்றர் சட்டை தேவை. கிட்டத்தட்ட நான்கு மில்லிமீற்றர் பற்றாக்குறை. மரம் மெதுவாகக் காய்ந்தால் அந்தப் பற்றாக்குறையை ஓரளவு இழுபட்டுச் சமாளிக்கும். அவசரப்படுத்தினால் வெளித்தோல் உள்ளுடம்புக்கு முன்னரே சுருங்கி, நடுச்சோறு வரை பிளந்துவிடும்.

வேலி வெட்டும் காலம் இங்கே தற்செயலாக உதவி செய்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் வெட்டிய கம்பு காயத் தொடங்கும்போது காற்றில் மாரியின் ஈரம். வாடைக்காற்று மாதங்கள் முழுக்க அது மெல்ல மெல்லத்தான் உலரும். வைகாசியில் சோளகம் எழுந்து எல்லாவற்றையும் உறிஞ்சும் நேரத்துக்குக் கம்பின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் கடந்திருக்கும். சித்திரை வெயிலில் வெட்டி முற்றத்தில் போட்ட கம்புக்கு இந்த வாய்ப்பு இல்லை.

நீர் நார்வழியே ஓடுவதால் வெட்டுமுகங்கள் வழியாக வெளியேறும் வேகம் பக்கவாட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல். எனவே இரு முனைகளையும் அடைத்துவிடவேண்டும். மெழுகு, பழைய பெயின்ற், எதுவும் ஆகும். சாணமும் களியும் குழைத்துப் பூசுவதும் வெறும் சடங்கல்ல. அதே வேலையைச் செய்கிறது. எப்படியும் முனைகள் கொஞ்சம் வெடிக்கும் என்பதால் தேவையைவிட ஒரு சாண் நீளமாக வெட்டுவது வழக்கம். பட்டையை உடனே முழுக்க உரிக்காமல் விடுவதும் அல்லது கீலம் கீலமாக மட்டும் உரிப்பதும் உலர்வை மந்தமாக்கும். ஆனால் பட்டைக்கடியில் பூச்சி குடியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்துச் சொல்வோர் உண்டு. தராசு இன்னும் நம்பத்தக்கது. வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து, இறப்பு மரத்திலேயே கரிக்கட்டியால் எழுதி வைத்தால் போதும். எடை தொடர்ந்து மூன்று நான்கு வாரம் இறங்காமல் நின்றால், கம்பு சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. வன்னிக் காற்றின் ஈரப்பதனில் அது மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 13 முதல் 16 சதவீத ஈரம். அதற்குமேல் பத்து வருடம் வைத்திருந்தாலும் அந்த இறப்பில் அது இன்னும் காயாது.

காய்கிற காலத்தில் இன்னொரு விருந்தாளி வருவார். காலையில் கம்புக்குக் கீழே கோதுமை மாபோல் மெல்லிய தூள் கொட்டிக் கிடந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. அதன் புழு தின்பது மரத்தை அல்ல, பெரிதும் மரத்துக்குள் சேமித்திருக்கும் மாப்பொருளை. மாப்பொருள் இருப்பது வெள்ளை மரத்தில். வைரத்தில் அது தீர்ந்துபோய், அதற்குப் பதிலாகப் பூச்சிக்கும் பங்கசுக்கும் பிடிக்காத சாறுகள் படிந்திருக்கும். வேலிக் கம்பின் உண்மையான குறை இதுதான்: இரண்டு மூன்று வயதுக் கம்பில் வைரம் பாய்ந்திருக்காது, முழுக்க வெள்ளை. வளர்பிறையில் வெட்டினால் உளுக்கும் என்று ஊரில் சொல்வார்கள். நிலவைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், குளத்து நீரில் சில வாரம் அமிழ்த்தி வைப்பது நிச்சயம் பயன் தரும். மாப்பொருளும் சீனியும் கரைந்தும் புளித்தும் போய்விடும், வண்டுக்குச் சாப்பாடு இல்லை. மூங்கிலுக்கு நம்மவர்கள் நெடுங்காலமாகச் செய்வது அது. எடுத்த பிறகு சில நாள் நாற்றம் சகிக்கவேண்டும். அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைப்பதும் உதவும்.

வைரம் என்று சொன்னதும் ஒரு பழைய செய்தி. தொல்காப்பியத்தின் மரபியல், தாவரங்களை வைரம் இருக்கும் இடத்தைப் பார்த்து இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளே வைரமுள்ளது மரம். வெளியே வைரமுள்ளது புல். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் கமுகும் மூங்கிலும் புல் இனம். இன்றைய தாவரவியலும் பனை வகைகளையும் புற்களையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பெரும்பிரிவில் வைக்கிறது. தண்டின் குறுக்குவெட்டை மட்டும் பார்த்து எட்டிய முடிவு என்பதை நினைத்தால் வியப்புத்தான். பொல்லுச் செய்கிறவருக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. பனையின் கறுத்த நார் வைரத்தில் பொல்லுச் செய்யலாம், ஆனால் அது அடிமரத்தின் வெளிப்பகுதியைக் கீறித்தான் எடுக்கவேண்டும். பூவரசில் முழுக் கம்பும் பொல்லு.

காய்ந்த கம்பில் மிச்சமிருக்கும் சிறு கோணலை நெருப்பு எடுக்கும். தணலுக்கு மேலே சுவாலை படாமல் உருட்டி உருட்டி வாட்டவேண்டும். சிலம்பக் கம்பை நேராக்குகிறவர்கள் செய்வதும் இதே வேலை. மரத்தின் செலுலோசு நார்களைப் பசைபோல் பிடித்து வைத்திருப்பது இலிக்னின். ஈரமுள்ள மரத்தில் அது கொதிநீரின் சூட்டை நெருங்கும்போது இளகத் தொடங்கும். ஆறியதும் பிடித்த வடிவத்தில் இறுகிக்கொள்ளும். மிகவும் காய்ந்துபோன கம்பில் இளக்கம் வராது, கருகல்தான் வரும். அதனால் வாட்டுவதற்கு முன் ஈரச் சாக்குச் சுற்றி ஓரிரவு வைப்பது நல்லது. சூடாக இருக்கும்போதே மரக்கவர் ஒன்றுக்குள் கொடுத்து, நேர்க்கோட்டைச் சற்றுத் தாண்டி எதிர்ப்பக்கம் வளைத்து, ஆறும்வரை பிடிக்கவேண்டும். விட்டதும் கொஞ்சம் திரும்பி வரும்.

இதே முறையில் கைபிடியையும் குடைக்காம்புபோல் வளைத்துவிடலாம் என்று ஆசைப்படுவோர் பெரும்பாலும் முறிந்த கம்போடு நிற்பார்கள். நீராவியில் வெந்த மரம் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும். நீட்சியை ஒன்றிரண்டு சதவீதத்துக்குமேல் தாங்காது. வளைவின் வெளிப்பக்கம் முதலில் கிழியும். 1859இல் தன் புகழ்பெற்ற 14ஆம் இலக்கக் கதிரையைக் கொண்டுவந்த மைக்கல் தொனெற், வெளிப்பக்கத்தில் உலோகப் பட்டி ஒன்றை இறுக்கிக் கட்டி வளைத்து இதைச் சமாளித்தார். அவருடையது பீச் மரம். நம்முடைய கனத்த மரங்கள் அவ்வளவு இணங்குவதில்லை. அதைவிட வேலியிலேயே கவருள்ள கொப்பைத் தேடுவது புத்திசாலித்தனம். கிளை பிரியும் இடத்தில் நார்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு வளர்கின்றன. துளையிட்டு, ஆப்படித்து, பசை பூசிப் பொருத்திய எந்தக் கைபிடியும் அந்தப் பின்னலுக்கு ஈடாகாது. தடித்த கிளை கைபிடியாகவும் மெல்லிய கிளை தண்டாகவும் அமைந்த கவர் கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

எவ்வளவு பருமன் வேண்டும்? பதினெட்டாம் நூற்றாண்டில் ஒயிலர் என்ற கணித மேதை கண்ட சூத்திரம் ஒன்று இருக்கிறது. ஒல்லியான தூண் நசுங்கி உடைவதற்கு முன்னரே பக்கவாட்டில் வளைந்து விழுந்துவிடும். அந்தக் கட்டத்துப் பாரம் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 90 சென்ரிமீற்றர் நீளமான, நல்ல வன்மரக் கம்பு ஒன்று 1.5 சென்ரிமீற்றர் விட்டத்தில் 36 கிலோ அளவில் வளைந்துபோகும். 2 சென்ரிமீற்றரில் 115 கிலோ. 2.5 சென்ரிமீற்றரில் 280 கிலோவைத் தாண்டும். இது நூல் பிடித்த நேரான கம்பைச் செங்குத்தாக ஊன்றினால் வரும் கணக்கு. வளைவும் சரிவும் சேர்ந்தால் வெகுவாகக் குறையும். கால் தடுக்கும் நொடியில் முழு உடம்பும் பொல்லில் விழும் என்பதையும் நினைத்தால், நடுவில் 2.2 சென்ரிமீற்றருக்குக் கீழே சீவாமல் இருப்பது நல்லது. கண்ணாடிச் சில்லால் சுரண்டி, பராய் இலையால் அல்லது அரத்தாளால் தேய்த்து மினுக்கும் உற்சாகத்தில் போகும் ஒவ்வொரு மில்லிமீற்றரும் இந்தக் கணக்கில் கழிகிறது.

உயரத்தைக் கண்மதிப்பில் விடக்கூடாது. பொல்லுப் பிடிக்கப் போகிறவர் வழக்கமான செருப்போடு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடவேண்டும். தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை உள்ள உயரமே பொல்லின் உயரம். அப்படி இருந்தால் பிடித்து ஊன்றும்போது முழங்கை 15 முதல் 30 பாகை வரை மடியும், தள்ளுவதற்கு வலு வரும். கூடிய நீளம் தோளை உயர்த்தி நோகப்பண்ணும்.

எந்தக் கையில் பிடிப்பது என்ற கேள்வியில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். வலது கால் நோகிறதென்றால் வலது கையில் பொல்லு என்று மேடை நாடகத்துக் கிழவர்கூடப் பிடிப்பார். சரியானது எதிர்க்கை. காரணத்தைக் கிணற்றுத் துலாவில் காணலாம். ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் அந்தக் காலின் இடுப்பு மூட்டு துலாவின் அச்சு. ஒரு பக்கம், உடலின் பாரம்: 60 கிலோ மனிதரென்றால் நிற்கும் கால் போக ஏறத்தாழ 50 கிலோ, அச்சிலிருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்தில். மறுபக்கம், இடுப்பின் வெளித்தசை, 5 சென்ரிமீற்றர் தூரத்தில் மட்டும். பாதித் தூரத்தில் நின்று சமன்செய்ய அந்தத் தசை இரு மடங்கு, அதாவது 100 கிலோ பலத்தோடு இழுக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து மூட்டில் அழுத்துவது 150 கிலோ. இப்போது எதிர்க்கையில் பொல்லு, அச்சிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளி. அதன்மேல் வெறும் 5 கிலோ ஊன்றினாலே தசையின் வேலை பாதியாகிறது. மூட்டின் பாரம் 95 கிலோவுக்கு இறங்குகிறது. ஐந்து கொடுத்து ஐம்பத்தைந்து வாங்கும் வியாபாரம். எளிமையாக்கிய கணக்குத்தான், ஆனால் போக்கு இதுவே. 1956இல் அமெரிக்க எலும்பியல் மருத்துவர் வோல்டர் பிளவுண்ட் இந்தத் துலாக் கணக்கை விளக்கி எழுதிய கட்டுரைக்கு, கைத்தடியை எறிந்துவிடாதீர்கள் என்ற பொருளில் தலைப்பிட்டார்.

செயற்கைக் காலோடு நடப்பவருக்கும் இதே விதி. 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய றப்பர்ப் பாதம் வட இலங்கைக்கும் வந்து, 1987 முதல் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தின் வழியாகப் பலரை எழுந்து நிற்க வைத்தது. வெறுங்காலோடு வரம்பில் நடக்கவும், குந்தி இருக்கவும் ஏற்ற பாதம் அது. நனைந்த வயற்களியில் கூட ஒரு பொல்லும் கேட்கும்.

கைத்தடி என்றால் முதுமை என்று நினைப்பது வழக்கம். துட்டன்காமன் இருபது வயதைத் தொடுமுன்பே இறந்த எகிப்திய மன்னன். 1922இல் ஹோவார்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அவன் கல்லறையில் ஏறத்தாழ 130 கைத்தடிகள் இருந்தன. பொன்னும் கருங்காலியும் இழைத்தவற்றுக்கு நடுவே ஒரு வெறும் நாணற்தடி. மன்னர் தன் கையாலேயே வெட்டியது என்று அதில் பொறித்திருக்கிறார்கள்.

தமிழில் பொல்லால் பெயர் பெற்ற ஒரு புலவர் இருக்கிறார். புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் எவருக்கும் தெரியாது. பூண் கட்டிய தலையையுடைய பெரிய தடியைப் பாட்டில் சொன்னதால் தொடித்தலை விழுத்தண்டினார் என்றே அழைக்கப்பட்டார். இருமலுக்கிடையே ஒன்றிரண்டு சொல் பேசும் கிழவர் ஒருவர், மருத மரக் கொப்பில் ஏறி ஆழமான நீர்மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்த இளமையை நினைத்துக்கொள்கிற பாட்டு அது. மருதும் மடுவும் விசுவமடுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்றும் புதிதல்ல.

அந்தத் தொடி, அதாவது பூண், அலங்காரம் மட்டுமல்ல. வெட்டுமுகத்தில் நார்கள் தனித்தனியே நிற்கின்றன. தரையில் குத்துப்படக் குத்துப்பட அவை விரிந்து பிளக்கும். வளையம் ஒன்று இறுக்கிப் பிடித்தால் விரிய இடமில்லை. பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றே போதும். அதற்குக் கீழே றப்பர். 20 பாகை சரித்து ஊன்றிய பொல்லு வழுக்காமல் நிற்க உராய்வுக் குணகம் குறைந்தது 0.36 வேண்டும். மழை நனைத்த வழுவழுப்பான சீமெந்துத் திண்ணையில் வெறும் மரம் அதைத் தொடாமல் போகலாம். றப்பர் இலேசாகத் தாண்டும். வயல் வரம்பில் அகன்ற றப்பர் அடி புதையாமலும் நிற்கும்.

எண்ணெய் பூசுவதென்றால் தேங்காயெண்ணெய் காயாது. கையில் பிசுபிசுக்கும், தூசியைப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றின் ஒட்சிசனை உறிஞ்சித் தானே இறுகிப் படலமாகும். மெல்லியதாக மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நாள் இடைவெளி. துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியக்கூடாது; அந்த ஒட்சியேற்றம் தரும் சூட்டில் அது தானாகத் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிட்டபின் எறியலாம்.

றப்பர் தேயும். மழை ஒன்று இரண்டு போனபின் அதைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். எந்தப் பக்கம் என்று பார்த்து, பொல்லு நீளமா கட்டையா, ஊன்றுகிறவர் உடம்புக்கு வெளியே எவ்வளவு தள்ளிக் குத்துகிறார் என்பதையெல்லாம் வாசிக்கலாம். அடியில் ஒரு விரற்கடை சீவி, புது றப்பர் போட்டுக் கொடுத்துவிட்டு வேலிப் பக்கம் பார்த்தால், அந்தக் கம்பை வெட்டிய பூவரசங் கதியாலின் தலையில் நாலைந்து கம்புகள் ஓட்டுக் கூரையைத் தாண்டி நிற்கும்.